ஒரு வீட்டுப் படியும் மிதியாமல்

கிருபானந்தனுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. மற்றபடி தங்கமான மனிதர். யார் எதைக் கேட்டாலும் முதலில் ‘ஓம்’ என்று சொல்லிவிடுவார். பிறகு வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அந்த ஓம்களை எல்லாம் கலியாணம் கட்டிய நாளிலிருந்து இழுத்துச் சுமந்தது ஞானாம்பிகைதான்.

அதனால்தான் ஐரோப்பாவுக்கு டிக்கெட் எடுத்த அன்றைக்கே, மொன்றியலில், ரொக்ஸ்பரோ வீட்டுக் குசினியில் வைத்து, அவள் அவரை மடக்கிப் பிடித்தாள்.

“ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. பாரிசில சஜிதாவுக்கும் இல்லை, ஜேர்மனியில சிவநேசம் அண்ணைக்கும் இல்லை. திரும்பி வந்து சொல்லுவம்.”

“ஓம்” என்றார் கிருபானந்தன்.

அந்த ஓமைக் கேட்டபோதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவள் இருந்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை.

சந்தோஷம் வராமல் என்ன செய்யும்? அவள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டெரியில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் டவுன்டவுனில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறைக் குசினியில் இரவு வேலை செய்து, போன மாரியோடு நின்றவர். அத்தனை வருடமும் அவள் விடியற்காலைப் பஸ்ஸுக்கு இறங்கும்போதுதான் அவர் வேலை முடிந்து படி ஏறுவார். சோறு எங்கே இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா என்று வாசலில் வைத்து இரண்டு கதை. அவ்வளவுதான் குடும்பம். கட்டில் ஒன்று, ஷிஃப்ட் இரண்டு.

ஐரோப்பாவுக்கு அவர்கள் போகாமலும் இல்லை. பாரிசுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனார்கள். ஜேர்மனிக்கு ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குப் போனார்கள். இரண்டு தடவையும் ஞானாம்பிகை பார்த்தது மண்டபமும், சொந்தக்காரர் வீட்டு சோபாவும், மடியில் வைத்துத் திறந்து காட்டப்பட்ட கலியாண அல்பங்களும்தான். ஈபிள் கோபுரத்தைக் கார் ஓடும்போது யாரோ “அந்தா தெரியுது” என்று காட்டினார்கள். அவள் திரும்புவதற்குள் ஒரு லொறி வந்து மறைத்துவிட்டது.

கிருபானந்தன் கனடாவுக்கு வந்து சேர்ந்ததே ஐரோப்பா வழியாகத்தான். இளந்தாரியாக, லொறியின் பின்பக்கத்தில், தார்ப்பாயின் கீழே பெட்டிகளோடு பெட்டியாகக் கிடந்து வந்தவர். எத்தனை நாடு கடந்தீர்கள் என்று யாரும் கேட்டால், “பிறேக் போட்ட இடமெல்லாம் ஒரு நாடு எண்டு நினைச்சன்” என்று சிரிப்பார். அவள் பின்னால் ஸ்பொன்சரில் விமானமேறி வந்தவள். ஆக, ஐரோப்பாவை அவர் கீழே கிடந்து கடந்தார், அவள் மேலே பறந்து கடந்தாள். இரண்டு பேரும் பார்க்கவில்லை.

இந்தத் தடவை பார்ப்பது என்று முடிவு. பாரிஸில் இறங்கி ரயில் ஏறுவது. ஸ்ட்ராஸ்பூர்க், ஜேர்மனி, சுவிஸ், மலையைக் கடந்து இத்தாலி, கடைசியில் வியன்னா. எல்லாம் பகல் ரயில். ஊர் பிடித்துக்கொண்டால் இன்னொரு நாள் நிற்பது. ஹோட்டலில் படுக்கை, வேறு யாரோ சமைத்த சாப்பாடு. பகல் வெளிச்சத்தில், அவருக்குப் பக்கத்தில், ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருக்க வேண்டும். ஞானாம்பிகைக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால், “மலை பாக்க ஆசை” என்று சொல்லிவைத்தாள்.

ஆளுக்கொரு முதுகுப்பை வாங்கினார்கள். பழகவேண்டும் என்று சொல்லி, மூலை டெப்பனர் கடையில் பால் வாங்கப் போகும்போதும் அவற்றை மாட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரங்களில் ரெலிவிஷனில் சுவிஸ் ரயில் வீடியோ ஓடும். குகை வரும்போதெல்லாம் கிருபானந்தன் தலையைக் குனிவார். பக்கத்து ஊர் கர்க்லாண்டில் இருந்து வந்த மகள் பிரஷாந்தினி அதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். “ரெண்டு பேருக்கும் பதினாறு வயசு மாதிரி இருக்கு” என்றாள். ஞானாம்பிகைக்கும் அப்படித்தான் இருந்தது.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது கிருபானந்தன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். நெற்றி நிறைய விபூதி. முகம்தான் சரியில்லை.

“என்னப்பா?” என்றாள்.

“பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சனான்.”

“உடைச்சால் நல்லதுதானே.”

“உடைக்கேக்கை, அருச்சனை டிக்கெட் குடுக்கிற மனுசி கண்டிட்டா. அண்ணை, எங்கை பயணம் எண்டு கேட்டா.”

ஞானாம்பிகை கதிரையில் மெதுவாக உட்கார்ந்தாள். “நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“பிள்ளையாருக்கு முன்னால நிண்டுகொண்டு பொய் சொல்லுறதே?”

“டொரொண்டோ எண்டு சொல்லியிருக்கலாமே.”

“டொரொண்டோவுக்கு ஆர் தேங்காய் உடைக்கிறது, ஞானம்?”

நம் சனத்தில் ரகசியமாகக் களவுகூடச் செய்துவிடலாம். ஆனால் கடல் கடந்த பயணத்தை ரகசியமாகச் செய்ய முடியாது. பிள்ளையாருக்குச் சொல்லாமல் கால் எடுத்து வைக்க மாட்டார்கள். பிள்ளையாருக்குச் சொன்னால் கோயில் முழுக்கச் சொன்னதுதான்.

டிக்கெட் கொடுக்கிற மனுசியின் தங்கைதான் பாரிஸில் இருக்கும் சஜிதாவின் மாமியார். விளக்கு வைப்பதற்கு முன்னால் சஜிதா தொலைபேசியில் வந்துவிட்டாள். அவள் கிருபானந்தனின் தமக்கை மகள்.

“மாமா, பாரிசுக்கு வந்து ஹோட்டலிலயோ நிக்கப்போறியள்? எங்களுக்கு வீடில்லையே?”

“ஓம், ஓம், உங்கதான் வருவம்” என்றார் மாமா.

அடுத்தது ஜேர்மனி. பிறகு சுவிஸ், அங்கே இருக்கும் தனோஜன், தூரத்து மருமகன். மூன்று நாளைக்குள் பயணம் முழுவதும் கைமாறிவிட்டது. சஜிதாவின் புருஷன் லீவு போட்டு வான் வண்டியில் ஜேர்மனிக்குக் கொண்டுபோய் விடுவார். அங்கிருந்து சிவநேசம் அண்ணையின் மகன் சுவிசுக்கு ஏற்றிவிடுவான். தனோஜன் தன் காரில் மலையைச் சுற்றிக் காட்டிவிட்டு விமான நிலையத்தில் விடுவான். ரயில் என்ற ஒன்றே இல்லை. இத்தாலியும் வியன்னாவும் காணாமல் போயிருந்தன, ஏனென்றால் அங்கே சொந்தக்காரர் இல்லை.

இதற்கிடையில் பயணத்தைக் கேள்விப்பட்டவர்கள் வந்து ரொக்ஸ்பரோ வீட்டு மணியை ஓயாமல் அடித்தார்கள். பாரிஸில் தங்கச்சிக்கு ஒரு சீலை, சுவிசில் பேரனுக்கு உடுப்பு, ஜேர்மனிக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள். “சின்னப் பார்சல்தான், அக்கா” என்று சொல்லி ஒவ்வொருவரும் தலையணை அளவில் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். முதுகுப்பைகள் இரண்டும் அந்தக் குவியலுக்கு அடியில் எங்கேயோ கிடந்தன.

ஞானாம்பிகைக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “உங்களுக்கு ஒருத்தருக்காவது இல்லையெண்டு சொல்லத் தெரியாதே? வாய் அவிஞ்சு போகுமே?”

கிருபானந்தன் பார்சல்களைப் பார்த்தபடி நின்றார். “மற்றவைக்குச் சொல்லலாம், ஞானம். சிவநேசம் அண்ணைக்கு எப்பிடிச் சொல்லுறது? லொறியால இறக்கிவிட்ட அண்டைக்குக் கால் விறைச்சுப் போய் நிண்டன். ஆரெண்டு தெரியாத என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு மாரி முழுக்கத் தன்ர கட்டிலைத் தந்திட்டு நிலத்தில படுத்த மனுசன். அவர் வீட்டுக்கு வா எண்டு கேக்கேக்கை…”

அவர் முடிக்கவில்லை. அவள் கோபமும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் அவளுக்குப் பெரிய கரைச்சல். ஒருவர் வீட்டுக்குப் போய் மற்றவர் வீட்டுக்குப் போகாமல் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. போனால் எல்லாருடைய வீட்டுக்கும் போகவேண்டும். இல்லையென்றால் ஒருவருடைய வீட்டுக்கும் போகக்கூடாது.

இரண்டாவதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த நாள் காலை அவள் தனியாகப் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனாள். பிள்ளையார் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி, ஒரு தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பொய் ஒன்றும் கலக்காமல் வாய்விட்டுச் சொன்னாள்.

“பிள்ளையாரப்பா, எங்கள் ரெண்டு பேரையும் சுகமாக் கொண்டுபோய்ச் சுகமாக் கொண்டு வா. வெளிக்கிட்ட நேரம் துவங்கி, திரும்பி வந்து உன்ர வாசலில தேங்காய் உடைக்கும் வரைக்கும், நாங்கள் ஒரு வீட்டுப் படியும் மிதிக்க மாட்டம். இது நேர்த்தி.”

தேங்காய் ஒரே அடியில் சிதறியது. அருச்சனை டிக்கெட் கொடுக்கிற மனுசி கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கழுத்தை நீட்டினாள். இந்தத் தடவை ஞானாம்பிகை தானே அவளிடம் போய், நேர்த்தி விவரத்தைச் சத்தமாக, ஆறுதலாக, ஒன்றும் விடாமல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து குடும்ப வாட்ஸ்அப்பில் குரல் செய்தியும் போட்டாள். அனுப்பிவிட்டுத் தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் நேர்த்தி என்று சொன்ன பிறகு எங்கள் ஆட்களில் யார் வாய் திறப்பார்கள்? கடவுளுக்கும் அவளுக்கும் இடையில் நடந்த கதை அது. சஜிதா கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். தனோஜன் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினான்.

“அம்மா, இது நேர்த்தியா, லோயர் வேலையா?” என்று பிரஷாந்தினி கேட்டாள்.

“ரெண்டும்தான்” என்றாள் ஞானாம்பிகை.

சிவநேசம் அண்ணையின் அழைப்புக்குத்தான் கிருபானந்தன் பயந்துகொண்டிருந்தார். வந்தது. கிழவர் தொண்டையைச் செருமிவிட்டு, “நேர்த்தியெண்டால் நேர்த்திதான், தம்பி” என்றார். “உங்கட ரயில் எத்தினையாம் பிளாட்ஃபோமுக்கு வருகுது?”

பார்சல்கள் எல்லாம் மன்னிப்போடு திரும்பிப் போயின. சிவநேசம் அண்ணைக்கு உரிய மிளகாய்த்தூளை மட்டும் ஞானாம்பிகை தன் பையில் வைத்துக்கொண்டாள்.

இப்படியாக அவர்கள் பயணம் போனார்கள். போன விதத்தை ஞானாம்பிகை இன்றைக்கும் சொன்னால் மூச்சு விடாமல்தான் சொல்லுவாள். பாரிஸில் அவர்கள் ரயில் ஏறும் இடத்துக்கே சஜிதா குடும்பத்தோடு வந்து, சுடச்சுட உழுந்து வடையும் சம்பலும் தந்து, கட்டிப்பிடித்து அனுப்பினாள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு நாள் நிற்பதாக இருந்து மூன்று நாள் நின்றார்கள். வாய்க்கால் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்து வாத்துகளைப் பார்த்ததைத் தவிர அங்கே ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் இவ்வளவு சுகம் இருப்பது தெரியாமல் காலத்தை ஓட்டிவிட்டோமே என்று அவளுக்குக் கவலையாகக்கூட இருந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

யன்னல் சீட்டுக்கு முறை வைத்தார்கள். ஒரு ஸ்டேஷனுக்கு அவர், அடுத்ததற்கு அவள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்து ரயில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு பாலம் வந்தது. கீழே அகலமான ஆறு. அப்போது யன்னலுக்கு அவர் முறை. பாலம் முடிந்ததும் தொலைபேசியில் ‘ஜேர்மனிக்கு நல்வரவு’ என்று ஒரு செய்தி வந்தது. கிருபானந்தன் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“நாடு மாறிட்டுதே? பிறேக் போடேல்லையே, ஞானம்?”

“இல்லையப்பா. ஒருத்தரும் போடேல்லை.”

அவர் திரும்பி அந்த ஆற்றைப் பார்த்தார். அது மறையும்வரை பார்த்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிக்கத் தொடங்கினார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். எதிரே இருந்த ஜேர்மன்காரி தன் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டுட்கார்ட்டில் ரயில் மாறவேண்டும். சிவநேசம் அண்ணை கோட்டும் டையும் கட்டி, கையில் பொல்லோடு, படிக்கட்டுக்கு வெகுதூரம் தள்ளி நின்றார். “படியில்லாத இடமாப் பாத்து நிக்கிறன், தங்கச்சி. உம்மட நேர்த்திக்கு என்னால பங்கம் வரக்கூடாது.” பிளாட்ஃபோம் வாங்கிலேயே வாழையிலைச் சோற்றுப் பொதியைப் பிரித்துத் தந்தார். அவர்கள் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கிருபானந்தன் மிளகாய்த்தூளை இரண்டு கையாலும் கொடுத்தார். ரயில் அசைந்தபோது கிழவர் பொல்லை உயர்த்தி ஆட்டினார். ஒருவர் மனமும் நோகவில்லை. ஞானாம்பிகை அப்போதுதான் நன்றாக மூச்சு விட்டாள்.

சூரிச்சில் தனோஜன் சொக்லேட்டோடு நின்றான். அதற்குப் பிறகு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மலைகள்தான். நிஜக் குகைகளிலும் கிருபானந்தன் தலையைக் குனிந்தார். இத்தாலியில் மழையில் நனைந்தார்கள். வியன்னாவில் ஒரே கேக்குக்கு இரண்டு கரண்டி கேட்டார்கள்.

திரும்பி வரும் நாளில் வியன்னாவில் இடியும் மழையும். பின்னேரம் மொன்றியலில் இறங்கவேண்டிய விமானம் இருட்டிய பிறகுதான் இறங்கியது. பிரஷாந்தினி காரோடு காத்துக்கொண்டு நின்றாள். கோயில் நடை சாத்தியாயிற்று.

முதலில் அதன் பொருள் ஞானாம்பிகைக்கு உறைக்கவில்லை. பெல்ட்டில் வரப் பெட்டி ஒன்றும் இல்லாததால் நேரே வெளியே வந்து, கார்க் கதவில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. பிள்ளையார் வாசலில் தேங்காய் உடைக்கும் வரைக்கும் ஒரு வீட்டுப் படியும் மிதிப்பதில்லை. ஒரு வீடு என்றால் ரொக்ஸ்பரோ வீடும்தான். கர்க்லாண்ட் வீடும்தான்.

“அம்மா, ப்ளீஸ். சொந்த வீடு கணக்கில்லை” என்றாள் பிரஷாந்தினி. “புட்டு அவிச்சு வச்சிருக்கிறன். அப்பா களைச்சுப் போனார். ஒரு இரவுதானே, பிள்ளையார் கோவிக்க மாட்டார். அப்பா, நீங்கள் ஏறுங்கோ.”

ஞானாம்பிகைக்கு மனம் சோர்ந்தது. பிள்ளை சொல்லுவதும் சரிதான். அவளே வாயால் சொன்ன நேர்த்தி, அவளே முறிப்பதா என்றும் இருந்தது. எப்படியும் அவர் ‘ஓம்’ என்று சொல்லி ஏறிவிடுவார், அதோடு முடிந்தது என்று நினைத்து அவரைப் பார்த்தாள்.

கிருபானந்தன் முதுகுப்பையின் வாரை இழுத்து இறுக்கினார்.

“இல்லை, பிள்ளை” என்றார்.

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இல்லை” என்று அவர் இன்னொரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்ல அவருக்கே பிடித்திருந்தது. “அம்மா நேர்த்தி வச்சவா. பயணம் இன்னும் முடியேல்லை. புட்டு நாளைக்குச் சாப்பிடுவம். எங்களை டவுன்டவுனில இறக்கிவிடு.”

எங்கே என்று அவர் சொன்னபோது ஞானாம்பிகை திரும்ப ஒரு தடவை கேட்டாள். அவர் வேலை செய்த ஹோட்டல்.

அந்த ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை உண்டு. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கதவு. அத்தனை வருடமும் கிருபானந்தன் போய்வந்தது அந்த வழியாகத்தான். கார் இப்போது முன்பக்கத்தில் நின்றது. வாசலில் நின்றவர் கதவைத் திறந்து பிடித்தார். கிருபானந்தன் கம்பளத்தில் காலை வைக்க முன்னம் சப்பாத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். ஞானாம்பிகை அவர் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே உள்ளே போனார்கள்.

வரவேற்பு மேசையில் நரைத்த தலையோடு ஒரு பெண். “பொன்சுவார்” என்றார் கிருபானந்தன், அறை இருக்கிறதா என்று கேட்டார். அவள் கணினியில் இருந்து சட்டென்று நிமிர்ந்தாள்.

“மிஸ்யூ கிரு?”

கத்தரின். இரவிரவாக அறைகளுக்கு வேண்டிய சாப்பாட்டை மேலே இருந்து தொலைபேசியில் சொல்லுகிறவள். கீழே இருந்து ‘வி, வி’ என்று ஓம் சொல்லும் குரலைத்தான் அவள் அத்தனை வருடமும் கேட்டிருக்கிறாள். ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். மேசையைச் சுற்றி வந்து இரண்டு பேர் கன்னத்திலும் முத்தம் வைத்தாள். உயரத்தில் ஒரு அறையும் பார்த்துத் தந்தாள்.

காலையில் ஞானாம்பிகை எழும்பும்போது அவர் யன்னலில் நின்றார். ஒரு பக்கம் மலை. மறு பக்கம் ஆறும் பாலமும். நடுவில் ஊர் முழுவதும் வெயிலில் கிடந்தது.

“இந்தக் கட்டடம் இவ்வளவு உயரம் எண்டு எனக்குத் தெரியாது” என்றார்.

அது யாருடைய முறை என்று கேட்காமல் அவளும் போய்ப் பக்கத்தில் நின்றாள். யன்னல் இரண்டு பேருக்கும் போதும் அளவுக்கு அகலமாக இருந்தது.

கீழே சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. முட்டைப் பொரியலும் பாணும் கோப்பியும் வந்தன. கிருபானந்தன் ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்புக் காணாது” என்று முணுமுணுத்தார். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பால், நிலவறைப் பக்கம் எங்கேயோ ஒரு தட்டு விழுந்து நொறுங்கிய சத்தம் கேட்டது. அவர் உடம்பு தானாக எழும்பியது. கதிரை பின்னால் நகர்ந்தது. ஒரு கால் குசினிப் பக்கம் திரும்பிவிட்டது.

ஞானாம்பிகை எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இருங்கோப்பா.”

அவர் குசினிக்கு இறங்கும் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கதிரையை மெல்ல இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பரிமாறும் பெண் வந்து இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினாள். அவர் “மெர்சி” என்றார்.

“கோயில் இப்ப திறந்திருக்கும்” என்றாள் ஞானாம்பிகை. “தேங்காயும் வாங்கவேணும். வெளிக்கிடுவமே?”

“இல்லை” என்றார் கிருபானந்தன், கோப்பியை ஊதிக்கொண்டே. “ஆறுதலாப் போவம், ஞானம்.”